தண்ணீர் வடிந்த மறுநாள்

சென்னையின் பழைய குடியிருப்புகளில் வெள்ளத்தின் கதை தெரிய வேண்டுமென்றால் வாசற்படியைப் பார்த்தால் போதும். மேற்கு மாம்பலத்தில் என் பாட்டி வீட்டுக்குத் தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். அதற்கு மேல் திண்ணை, பிறகு நடை. இன்று அந்த வரிசையில் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்குத் தெருவிலிருந்து படி இறங்கிப் போகிறார்கள். தார்மேல் தார் போட்டே தெருவை உயர்த்திவிட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுச்சாலை போட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அது வருவதற்குள் பல வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன.

1943, 1976, 1985, 1996, 2005, 2015, 2023 என்று வெள்ளம் இந்த ஊருக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் வீட்டில் இருப்பவர் படும் பாடு, பாட்டி காலத்திலிருந்து என் காலத்துக்குள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

பாட்டி வீட்டில் முற்றத்துத் தண்ணீர் கொல்லைப்புறம் போவதற்கு வழி இருந்தது. தெருத்தண்ணீர் உள்ளே ஏறிய வருடங்களிலும் சிவப்பு சிமெண்டுத் தரையில் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளினால் சேறு வாசலோடு போய்விடும். கோரைப்பாய்கள் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். அரிசி, பருப்பெல்லாம் தகர டின்களில் பரண்மேல் இருக்கும். வடகமும் ஊறுகாயும் மழைக்காலத்துக்கென்றே சித்திரையில் போட்டு வைத்தவை. ராத்திரிக்கு அரிக்கேன் விளக்கு. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். மாநகராட்சி ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போகும்வரை அதைக் குடிக்கக் கூடாது, பாத்திரம் கழுவத்தான்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவள் பாட்டிதான். வீட்டில் யாருக்காவது வாந்தியும் பேதியும் வந்தால் காலராவோ என்று தெருவே நடுங்கும். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்கள் அன்றைக்கும் எல்லாவற்றையும் இழந்துவிட்டு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தார்கள். வெள்ளத்தைக் குறை சொல்லவும் எங்களுக்கு வாயில்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தானே 1920களில் பக்கத்துத் தியாகராய நகரைக் கட்டினார்கள்?

இப்போது நான் இருப்பது வேளச்சேரியில், அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில். எவ்வளவு மழை பெய்தாலும் என் வீட்டுத் தரை நனையாது. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பாட்டியைவிட நான்தான் திண்டாடினேன் என்று நினைக்கிறேன். தெருவில் தண்ணீர் நின்றால் ஷாக் அடித்து யாரும் சாகக் கூடாதென்று மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மொட்டைமாடித் தொட்டி சாயங்காலத்துக்குள் காலி. அதன் பிறகு மூன்றாம் மாடிக்காரரும் கழிப்பறைக்கு மழைத்தண்ணீரைத்தான் பிடித்து வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கியது. செல்போன் செத்ததும் வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்றே தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், இந்தக் காலக் கட்டடத்துக்கு உயிர் கொடுக்கிற அத்தனையும் அதன் காலடியில் கிடக்கிறது. மீட்டர் பெட்டி, மோட்டார், லிஃப்ட் குழி, கார், எல்லாவற்றுக்கும் கீழே சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. பாட்டி உயரத்தில் வைத்ததையெல்லாம் நாம் பள்ளத்தில் வைத்துவிட்டோம். கார்களை மட்டும் காப்பாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறோம். கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் வண்டிகள் வரிசை கட்டிவிடுகின்றன.

சம்ப் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், உயிர் போகிற காரியம் அது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சாக்கடை கலந்த வெள்ளம் உள்ளே போயிருக்கும். மேலே தெளிவாகத் தெரியும், வாளியில் மொண்டு முகர்ந்தால்தான் நாற்றம் தெரியும். கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு மோட்டாரைப் போட்டால் அந்தத் தண்ணீர் மேல்தொட்டிக்கும் எல்லா வீட்டுக் குழாய்க்கும் போய்ச் சேரும். முதலில் சம்ப்பைக் காலி செய்ய வேண்டும். காலியான தொட்டிக்குள் யாரையும் உடனே இறக்கக் கூடாது. விஷவாயு தாக்கி, காப்பாற்ற இறங்கினவரும் சேர்ந்து செத்த சம்பவங்கள் நம் ஊரில் நடந்திருக்கின்றன. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, முடிந்தவரை வெளியிலிருந்தே தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு புதுத்தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும். குடிப்பதற்கு அதையும் கொதிக்க வைப்பதே நல்லது.

வீட்டுச் சாமான்களும் மாறிவிட்டன. தேக்குப் பெட்டி நனைந்தால் காயும். பலகைத்தூளை அழுத்திச் செய்த அலமாரி ஊறி உப்பிப் பொடிப்பொடியாக உதிரும். 2015 டிசம்பரில் முடிச்சூரில் தண்ணீர் வடிந்ததும் தெருவெங்கும் மெத்தைகளும் ஃப்ரிட்ஜ்களும் வாஷிங் மெஷின்களும் குப்பையாகக் குவிந்தன. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது. 2023இல் எண்ணூர்க் கரையோர மக்களுக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. சுவரில் படிந்த அந்தக் கருப்பு எந்தச் சோப்புக்கும் எளிதில் அசையவில்லை. அவர்கள் தலைமுறையாகப் பார்த்த வெள்ளங்களில் இப்படி ஒன்று கிடையாது.

வேளச்சேரியில் தண்ணீர் வடிய ஏன் இத்தனை நேரம் ஆகிறது என்று கேட்பவர்கள் பள்ளிக்கரணைப் பக்கம் போய்ப் பார்க்கலாம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிற நீரெல்லாம் அந்தச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதியைக் குடியிருப்புகளும் அலுவலகக் கட்டடங்களும் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அதைச் சேர்த்தது மிஞ்சியதைக் காப்பதற்கு. நான் வசிப்பதும் தண்ணீருக்குரிய இடத்தில்தான்.

மனிதர்கள் மட்டும் அவ்வளவாக மாறவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அன்று பக்கத்து வீட்டு மாமி ஒரு தூக்கில் ரசம் கொடுத்தனுப்புவாள். 2015இல் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, முன்பின் தெரியாத குடும்பங்களை மொட்டைமாடியிலிருந்து இறக்கினார்கள். அந்த நாட்களில் பால் லிட்டர் 100 ரூபாய்க்கு விற்ற கடையும் இருந்தது, இருப்பதையெல்லாம் பொங்கித் தெருவுக்கே பரிமாறிய வீடும் இருந்தது.

எங்கள் கட்டடத்தில் மிக்ஜாமுக்குப் பிறகு மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். பழைய போர்வெல்லில் ஓர் அடிபம்பும் பொருத்தினோம். முக்கியமான ஒன்று பாக்கி. கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய சின்ன அறையில்தான் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. அந்தப் புயல் மழையில் அவர்கள் அரிசி, துணிமணி, பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாம் போயிற்று. அரசு கொடுத்த 6,000 ரூபாய் அடுப்புக்கும் பாத்திரத்துக்குமே சரியாகிவிட்டது. மொட்டைமாடியில் அவர்களுக்கு ஓர் அறை கட்டித் தர வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செலவு அதிகம் என்று நாலு வீட்டுக்காரர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் அவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போய்க் கேட்கப் போகிறேன்.