எட்டு மணி நேரம்... ஒரே ஆள்... ஒரே சிம்பொனி!

சிம்பொனின்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது யாரு? சந்தேகமே வேணாம், இளையராஜாதான்! 1993-ல் லண்டனுக்குப் போய், ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்து அவர் ஒரு சிம்பொனியை ரெக்கார்டிங் பண்ணினார். ரசிகர்கள் காத்திருந்ததுதான் மிச்சம், அந்தப் பதிவு வெளிவரவே இல்லை. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்', அவருடைய வேறொரு சிம்பொனி.

ஒரு சிம்பொனி எழுதப்பட்டுவிட்டால் மட்டும் போதாது, அது நம்ம காதுக்கு வந்து சேரணும். நடுவுல எங்கேயாவது மாட்டிக்கிச்சுன்னா வருஷக்கணக்கில் பேப்பரிலேயே தூங்கும். அப்படி எழுபது, எண்பது வருஷம் தூங்கின சில சிம்பொனிகளோட கதைதான் இது. இதில் ரெண்டு விசேஷம். ஒண்ணு, இந்த சிம்பொனிகளுக்கு எண்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா தேவையே இல்லை, ஒரே ஆள் போதும். ரெண்டு, எழுதியவரோட அப்பா பம்பாய்க்காரர். அதுவும் சிவில் எஞ்சினீயர்!

ஒரே ஆளா? எப்படி பாஸ்?

அந்த ஒரே ஆள் உட்கார்ந்து வாசிப்பது பைப் ஆர்கன். பெரிய சர்ச்சுகளில் சுவர் முழுக்க குழாய் குழாயாக நிற்குமே, அதுதான். நம்ம புல்லாங்குழலோட தத்துவம்தான் இதிலும், ஊதுவதற்கு வாய்க்குப் பதிலா துருத்தியோ மோட்டாரோ இருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு குழாய். ஒவ்வொரு வகை ஓசைக்கும் ஒரு வரிசைக் குழாய்கள். எந்த வரிசை பேசணும், எது சும்மா இருக்கணும்னு முடிவு பண்ண 'ஸ்டாப்'னு சொல்ற இழுப்புக் குமிழ்கள். கைக்கு மூணு, நாலு, அஞ்சு கீபோர்டுகூட அடுக்கடுக்கா இருக்கும். காலுக்குத் தனியா ஒரு கட்டை வரிசை. ரெண்டு கையும் ரெண்டு காலும் சேர்ந்து வேலை செய்யணும். பஸ் டிரைவரே தோத்துப் போவார்!

ஃபிசிக்ஸ் லேபை கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. இரு பக்கமும் திறந்த குழாயின் நீளம் இரட்டிப்பானால் அதிர்வெண் பாதியாகும். 8 அடிக் குழாய் தருவது சுமார் 65 ஹெர்ட்ஸ். 16 அடின்னா சுமார் 33. சில பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாயும் உண்டு, அது சுமார் 16 ஹெர்ட்ஸ். மனுஷக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமா கைவிட்டுடும். அதனால அந்த அடி ஸ்வரத்தை நாம கேட்கிறதைவிட, உட்கார்ந்திருக்கிற பெஞ்சு அதிர்றதில்தான் உணர முடியும். தியேட்டர் சப்-ஊஃபர் எல்லாம் இதுக்கு ரொம்பப் பிந்தி வந்த சமாச்சாரம்.

பாரிஸில் பிறந்த பழக்கம்

'ஆர்கனே ஒரு ஆர்கெஸ்ட்ராதான்' என்ற எண்ணம் வேரூன்றியது பிரான்ஸில், 19-ம் நூற்றாண்டில். நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழே இருந்த அதே காலம். அரிஸ்டிட் கவாயே-கோல் என்ற ஆர்கன் தயாரிப்பாளர், மெல்லிசாக ஆரம்பித்து படிப்படியாக இடி மாதிரி முழங்கும் ஆர்கன்களைச் செய்தார். பாரிஸின் செயின்ட் சுல்பீஸ் ஆலயத்தில் 1862-ல் அவர் முடித்துக் கொடுத்த ஆர்கனில் அஞ்சு கீபோர்டு, 100 ஸ்டாப்!

இப்படி ஒரு கருவி கையில் கிடைத்தால் இசையமைப்பாளர்கள் விடுவாங்களா? சேஸார் ஃப்ராங்க் வழிகாட்ட, ஷார்ல்-மரி விதோர் தனி ஆர்கனுக்கென்றே பத்து சிம்பொனிகள் எழுதித் தள்ளினார். இந்த விதோரை 1870-ல் செயின்ட் சுல்பீஸில் 'தற்காலிகமா'தான் வேலைக்குச் சேர்த்தாங்க. அந்தத் தற்காலிகம் 1933 கடைசி வரைக்கும் ஓடியது. கான்ட்ராக்ட் வேலைன்னு கவலைப்படும் சீனியர்கள் கவனிக்கவும்!

விதோரின் அஞ்சாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியான 'டொக்காட்டா' இன்றைக்கும் மேல்நாட்டுக் கல்யாணங்களில் முழங்குது. ஆனா எல்லா ஆர்கன் சிம்பொனிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பம்பாய் எஞ்சினீயரின் பிள்ளை

கைகோஸ்ரு ஷாபூர்ஜி சொராப்ஜி. பேரை ஒரு தடவை சொல்லிப் பாருங்க, அதுவே ஒரு ஆலாபனை மாதிரி இருக்கும். பிறந்தது 1892-ல், இங்கிலாந்தில். அப்பா பம்பாயைச் சேர்ந்த பார்சி, அம்மா ஆங்கிலேயர். அப்போ வைத்த பேர் லியான் டட்லி. அந்தப் பேர் அவருக்குப் பிடிக்கவில்லை, பார்சிப் பேரைச் சூட்டிக்கொண்டார். அப்பா ஏற்பாடு செய்த அறக்கட்டளைப் பணம் இருந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. என்ன செய்தார்? உட்கார்ந்து எழுதினார்... எழுதினார்... எழுதிக்கொண்டே இருந்தார்! மொத்தம் நூறு படைப்புகளுக்கு மேல். பக்கக் கணக்கில் 11,000-ஐத் தாண்டும்.

அதில் தனி ஆர்கனுக்கு மூணு சிம்பொனிகள். முதலாவது 1923-24. ரெண்டாவது 1929-ல் தொடங்கி 1932-ல் முடித்தது. மூணாவது 1949-ல் இருந்து 1953 வரை. முதல் சிம்பொனியே ரெண்டு மணி நேர அளவு, ஒரு தமிழ்ப் படம் மாதிரி! ரெண்டாவதோ எட்டு மணி நேரத்தை நெருங்கும். கையெழுத்துப் பிரதி மட்டும் 350 பக்கம்.

இவ்வளவு எழுதினவர் வாசிக்க ஆள் தேடி அலைந்தாரா? அதுதான் இல்லை. 1936-ல் லண்டனில் அவருடைய பியானோ படைப்பு ஒன்றின் முதல் பகுதியை ஒருவர் வாசித்தது அவருக்குத் திருப்தியாக இல்லை. 'இனிமே என் அனுமதி இல்லாம யாரும் வாசிக்கக் கூடாது'ன்னு கதவைச் சாத்திட்டார். 1976-ல்தான் மெல்லத் திறந்தார். நாற்பது வருஷம்! ஒரு தலைமுறை பியானோ கலைஞர்களும் ஆர்கன் கலைஞர்களும் அவர் இசையைத் தொடாமலேயே ரிட்டயர் ஆகியிருப்பாங்க.

புள்ளி இல்லாத சுவடி

கதவு திறந்தாச்சு, உடனே வாசிச்சுட வேண்டியதுதானேன்னு கேட்கறீங்களா? அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

முதல் சிம்பொனி 1920-களிலேயே அச்சில் வந்துவிட்டது. அதனால் அது முதலில் தப்பித்தது. 1928-ல் அதன் ஒரு பகுதியை மட்டும் லண்டனில் வாசித்தார்கள், 1987-ல் முழுசாக மேடை ஏறியது. அடுத்த வருஷமே கெவின் போயர் என்ற ஆங்கிலேய ஆர்கன் கலைஞர் வாசித்த பதிவு வெளியானது. சொராப்ஜி காலமானதும் அதே 1988-ல்தான். ஆனா ரெண்டாவதும் மூணாவதும் வெறும் கையெழுத்துப் பிரதி. சொராப்ஜி வேகமாக எழுதுவார், திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எந்த ஸ்வரத்துக்கு ஏற்றம், எதுக்கு இறக்கம் என்று காட்டும் குறிகள் பல இடங்களில் விட்டுப்போயிருக்கும்.

இந்தக் கஷ்டம் நமக்குப் புதுசா என்ன? ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஓலை கிழிஞ்சுடும் என்ற பயம். படிக்கிறவர்தான் 'இது கவா, க்கா' என்று இடம் பார்த்து முடிவு பண்ணணும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, பல பிரதிகளை ஒப்பிட்டு 'சீவக சிந்தாமணி'யை 1887-ல் அச்சேற்றியது இப்படித்தான். அவருக்காவது ஒப்பிட வேற வேற சுவடி கிடைத்தது. சொராப்ஜி விஷயத்தில் மூலப்பிரதி ஒண்ணே ஒண்ணு. அதில் ஒரு ஸ்வரம் தப்பா, இல்லை அவர் வேணும்னே அப்படி எழுதினாரா என்று அந்த இசையின் போக்கை வைத்தே தீர்மானிக்கணும்.

கெவின் போயர் அதைச் செய்தார். 2005-ல் இருந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆர்கன் கலைஞராக இருந்தவர். கையெழுத்துப் பிரதியை வைத்து நேரடியாக வாசிக்க முடியாது என்று தெரிந்ததும், ரெண்டாவது சிம்பொனி முழுசையும் கம்ப்யூட்டரில் சுத்தப் பிரதியாக ஏற்றினார். கான்செர்ட் கிடையாது, கைதட்டல் கிடையாது, ஒவ்வொரு குறியாக உட்கார்ந்து ஏற்றும் வேலை. பிறகுதான் பயிற்சி. 2010 ஜூன் மாதம் கிளாஸ்கோவில் அது முதல்முறையாக முழுசாக ஒலித்தது. சொராப்ஜி எழுதி முடித்து 78 வருஷம் கழித்து! நடுப்பகுதி மட்டுமே சுமார் நாலு மணி நேரம். நம்ம பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்த நீளம் பெருசாத் தெரியாது, ஆனா அங்கே வாசிக்கிறது ஒரே ஆள்!

மைக் வைத்தால் முடிந்ததா?

ஆர்கன் இசையைப் பதிவு செய்வதே தனி எஞ்சினீயரிங். கிட்டாரை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவரலாம், ஆர்கனைக் கொண்டுவர முடியாது. கட்டடமே அதன் வயிறு. ஸ்வரத்தை விட்ட பிறகும் சில நொடிகள் எதிரொலி சுற்றும். மைக்கை ரொம்ப கிட்ட வைத்தால் ஒரு சில குழாய் மட்டும் கத்தும், தூரம் போனால் எல்லாம் குழைஞ்சு சாம்பார் சாதம் ஆயிடும். வெளியே ஆட்டோ ஹாரன் அடிச்சா அந்த டேக் அவுட். அதனாலதான் பல பதிவுகள் ஊர் அடங்கிய பிறகு ராத்திரியில் நடக்கும்.

அடுத்த வில்லன், வெப்பநிலை. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். குழாயோட நீளம் அப்படியேதான் இருக்கு, அதனால சுருதி ஏறும். நாக்கு வைத்த ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு ஏறாது. ரெண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது காது கூசும். காலையில் எடுத்த டேக்கையும் மத்தியானம் எடுத்ததையும் ஒட்டினால் ஒட்டு தெரியும். நம்ம ஊர் மே மாசத்தை நினைச்சுப் பாருங்க!

அதுவும் போக, ஒரு ஆர்கன் மாதிரி இன்னொன்று இருக்காது. ஸ்டாப்கள் வேற, குழாய்கள் வேற. ஊர் மாறினால், எந்த இடத்தில் எந்தக் குமிழை இழுப்பது என்ற திட்டத்தை முதலில் இருந்து போடணும்.

சரி, நமக்கென்ன?

இருக்கே! கையெழுத்துப் பிரதிகளுக்குப் பேர் போன ஊர் நம்ம ஊர். செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம் 1955-ல் தொடங்கியது. அங்கேயும், இங்குள்ள தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் அவை ஏறின. பீச்சுக்குப் போகும் வழியில் பைக்கை விரட்டிக்கிட்டு அந்தத் தெருவைத் தாண்டும்போது இது எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

இன்னொன்று. ஆர்கனுக்கு ஒரு தம்பி உண்டு, ஹார்மோனியம். 1842-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி. கடல் கடந்து வந்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டியாக மாறி, நம்ம நாடக மேடையையே பிடிச்சுக்கிச்சு. அந்த மேடையின் தலைமை ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கு. அவர் எழுதின நாடகங்களில் பல இன்று கிடைக்கவில்லை. கிடைத்த பாட்டுகளிலும் வரிகள்தான் அச்சில் இருக்கு. மெட்டு எங்கே இருக்கு? ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிக்கும் ஹார்மோனியக் கலைஞர்களோட விரலில்! அவர்களில் பலருக்கு வயசாயிடுச்சு. சொராப்ஜிக்காவது 350 பக்கம் பேப்பர் இருந்தது, எண்பது வருஷம் ஆனாலும் அது காத்திருந்தது. விரலில் இருக்கிற மெட்டு அப்படிக் காத்திருக்காது.

நம்ம கையில் போன் இருக்கு, அதில் நல்ல மைக் இருக்கு, சனி ஞாயிறும் இருக்கு. ஒரு டீமா சேர்ந்தா என்ன பண்ணலாம்?

* உங்க ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு மூத்த கலைஞரிடம் முறையாக அனுமதி கேளுங்க. அவருக்கு வசதியான நேரம்தான் உங்க நேரம்.

* மின்விசிறியை நிறுத்துங்க, ஜன்னலைச் சாத்துங்க, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதிவு பண்ணுங்க. தேதி, இடம், பாட்டு, சுருதி எல்லாத்தையும் வாயாலேயே சொல்லிப் பதிவைத் தொடங்குங்க.

* பாட்டை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் ரெண்டையும் குறிச்சு வைங்க. எது சரின்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

* மூணு பிரதி எடுங்க. ஒண்ணு கலைஞரோட குடும்பத்துக்கு, ஒண்ணு காலேஜ் லைப்ரரிக்கு, ஒண்ணு உங்களுக்கு. ஊருக்கே போட்டுக் காட்டுவதற்கு முன்னாடி கலைஞரோட சம்மதம் முக்கியம்.

நிஜமான பைப் ஆர்கனை நேரில் பார்க்கணுமா? சென்னைக்கு பஸ் ஏறுங்க. எழும்பூரில் 'கிர்க்' என்று சொல்லும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில், 1883-ல் நிறுவிய ஆர்கன் இருக்கு. பச்சையும் பொன்னுமாகக் குழாய்கள் ஜொலிக்கும். அடுத்த தடவை இன்டர்வியூவுக்கு அந்தப் பக்கம் போகும்போது ஒரு எட்டு உள்ளே போய்ட்டு வாங்க. சொராப்ஜியோட முதல் சிம்பொனியை ஹெட்போனில் கேட்க வேற ரெண்டு மணி நேரம் வேணும், அரியர் எக்ஸாம் முடிஞ்சதும் வச்சுக்கலாம்!