நாடா கேட்காத கேள்வி

அரியக்குடி என்றதும் சங்கீதக்காரர்களுக்கு ராமானுஜ ஐயங்கார் நினைவு வரும். பக்தர்களுக்குத் தென்திருப்பதி என்று பேர் வாங்கிய திருவேங்கடமுடையான் கோயில். கல்யாணச் சீருக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு. காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் இருபது வயதை ஒட்டிய பையன்கள் சிலருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு: 170 சென்டிமீட்டர்.

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்களுக்குக் கேட்கும் உயரம் அது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் ஸ்கேலை வைத்துத் தம்பியைப் பென்சில் கோடு போடச் சொல்லும் வீடுகளில் இந்த எண் மனப்பாடம். 169 என்று வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வேலைக்கு ஆள் எடுப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிக் கடை வைத்திருந்த நகரத்தார், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஊரிலிருந்தே ஆள் எடுத்து, மூன்று வருஷக் கணக்கு பேசி அனுப்பினார்கள். அந்த வேலைக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று மூன்று கேள்விதான். பதில் சரியாக இருந்தால் கப்பல் டிக்கெட். அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பெட்டியடியில் உட்காருவது சுலபமில்லை. உயரம் அளக்கும் நாடாவுக்கு அந்த மூன்று கேள்வியும் தெரியாது. இந்த வட்டாரத்தில் காக்கிச் சட்டைக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்குச் சம்பளம் ஒரு காரணம், இது இன்னொன்று.

பையன்களின் பேச்சில் 'சிட்டி போலீஸ்' என்ற சொல் அடிக்கடி வரும். வெள்ளைச் சட்டை டிராஃபிக், சைரன் வைத்த வண்டி, சினிமாவில் பார்த்த கமிஷனர் ஆபீஸ் எல்லாம் சேர்ந்த கனவு அது. ஆனால் சிட்டி போலீஸுக்கு என்று தனியாக விண்ணப்பம் போட வழியே இல்லை. லண்டனில் நகரக் காவல் துறை தானே விளம்பரம் கொடுத்துத் தானே ஆள் எடுக்கும். இங்கே சென்னைக்கும் சிவகங்கைக்கும் ஒரே வாசல்தான்: 1991-இல் தொடங்கிய தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே தேர்வு. வாரியம் இருப்பது சென்னை எழும்பூரில், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில். அதே வளாகத்தின் சிவப்புக் கட்டடம் 2021 முதல் காவல் அருங்காட்சியகம். சென்னைக்குக் கமிஷனர் பதவி வந்தது 1856-இல். இன்றைக்கு மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை, திருப்பூரிலும், 2022 முதல் தாம்பரம், ஆவடியிலும் கமிஷனர்கள் இருக்கிறார்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனால் போலீஸ் இன்னும் சிவகங்கை எஸ்.பி.க்குக் கீழேதான். மேயர் வந்த வேகத்தில் கமிஷனர் வருவதில்லை.

அப்படியானால் அரியக்குடிப் பையன் எப்படித்தான் சிட்டிக்குப் போவது? சுற்றித்தான். தேர்வானவர்கள் முதலில் ஏ.ஆர். என்கிற ஆயுதப்படைக்கோ, தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கோ போவார்கள். இரண்டாவதை எல்லோரும் டி.எஸ்.பி. என்பார்கள். துணைக் கண்காணிப்பாளரும் டி.எஸ்.பி.தான் என்பதால், பையன் டி.எஸ்.பி. ஆகிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கம் கொடுக்கும் கூத்தும் உண்டு. படையில் சில வருஷம், பிறகு ஏ.ஆர்., அதற்கும் பிறகுதான் ஸ்டேஷன். 2023 அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3,359 இடம். அதில் ஆயுதப்படைக்கான 780-உம் பெண்களுக்கும் திருநங்கையருக்கும். ஆண்களுக்குக் காவலர் பணியென்று இருந்தது சிறப்புக் காவல் படையின் 1,819 மட்டும். மீதி 86 சிறை, 674 தீயணைப்பு. அந்த வருஷம் சிட்டியை நினைத்து விண்ணப்பித்த ஆண்பிள்ளை எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் முதலில் பட்டாலியன் கூடாரத்தைத்தான் பார்த்திருப்பான். விண்ணப்பிக்கிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுகிறார்கள் என்பது சந்தேகமே.

கட்டணம் 250 ரூபாய். முன்பு தபால் ஆபீஸில் வரிசையில் நின்று படிவம் வாங்கிய காலம் போய், இப்போது எல்லாம் ஆன்லைன். படிப்பு பத்தாம் வகுப்பு போதும்; ஆனால் பி.இ. முடித்தவர்களும் எம்.ஏ. படித்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் திருநங்கையருக்கும் 31. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது சாதாரண உதவி இல்லை. ஆனால் தமிழ்வழிச் சான்றிதழை நேரத்துக்கு வாங்கி வைக்காமல் கடைசி வாரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் அது கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்தப் பையன்களின் தயாரிப்பில் ஒரு கோணல் உண்டு. விடியற்காலை இருட்டில் எழுந்து ஓடுவார்கள். புளியமரக் கிளையில் கயிற்றைக் கட்டி ஏறுவார்கள். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். கேட்டால் 'பிசிக்கல் பார்த்துக்கலாம்ணே' என்று தெம்பாகச் சொல்வார்கள். மதிப்பெண் பட்டியலோ வேறு கதை சொல்கிறது. மொத்தம் 100. அதில் எழுத்துத் தேர்வுக்கு 70. கயிறு, தாண்டல், ஓட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. காலுக்கும் கைக்கும் கொடுக்கும் உழைப்பில் பாதியைச் சமச்சீர்ப் புத்தகத்துக்குக் கொடுத்தால் போதும் என்று பயிற்சி கொடுக்கிறவர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். ஓடுவதில் ஒரு கூட்டு உற்சாகம் இருக்கிறது. படிப்பது தனியாகச் செய்யவேண்டிய வேலை. அதனால்தானோ என்னவோ கிரவுண்டு நிறைந்தும் வாசகசாலை காலியாகவும் கிடக்கிறது.

அந்த 70-இல் பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்ற பேரைக் கேட்டு மனநல மருத்துவரை நினைக்கவேண்டாம். எண் தொடர், உறவுமுறைப் புதிர், தர்க்கக் கணக்கு வகையறா. இதற்கு முன்னால் இன்னொரு தடை இருக்கிறது: தமிழ்த் தகுதித் தேர்வு. 80 கேள்வி, 80 மதிப்பெண், குறைந்தது 40 சதவீதம், அதாவது 32 எடுக்கவேண்டும். எடுத்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அரசு வேலைத் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் வந்த அரசாணையின் விளைவு இது. பத்தாம் வகுப்புத் தரம்தான். வீட்டில் தமிழ் பேசுகிறோம், இதற்கு என்ன படிப்பது என்று அலட்சியமாக இருந்துவிட்டுப் புணர்ச்சி விதியில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

எழுத்தில் தேறியவர்களுக்கு அழைப்பு வரும். மைதானத்தில் முதலில் உயரம், ஆண்களுக்கு மார்பளவும். சாதாரணமாக 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரியவேண்டும். பிறகு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடவேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள். இதற்கு மதிப்பெண் இல்லை. தேறினால்தான் உள்ளே. அடுத்தது ஸ்டார் கணக்கு. ஆண்கள் கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் என்றால் இரண்டு. நீளத் தாண்டலில் 3.80 மீட்டர் ஒன்று, 4.50 இரண்டு, இதற்குப் பதில் உயரம் தாண்டலாம். 100 மீட்டரை 15 விநாடியில் ஓடினால் ஒன்று, பதின்மூன்றரையில் ஓடினால் இரண்டு. அதற்குப் பதில் 400 மீட்டர் ஓடலாம். ஊரில் மண்தரையில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவன் புது ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டு அன்றைக்குத்தான் முதல்முறை ஓடுவான். கொப்புளம் போட்டு ஒரு விநாடி போய்விடும்.

ஒரு விநாடி என்றதும் ஒருவரைச் சொல்லியாகவேண்டும். சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. மூன்றாவது இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்துத் தேர்வு எழுத அனுமதி வாங்கினார். உடல்திறன் தேர்வில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு விநாடியில் தவறினார். 2015 நவம்பரில் நீதிமன்றம், அந்த ஒரு விநாடியைப் பெரிதுபடுத்தாமல், அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னது. அடுத்த தேர்விலிருந்து திருநங்கையருக்குத் தனிப் பிரிவு வைக்கவும் சொன்னது. 2017-இல் தருமபுரியில் எஸ்.ஐ. ஆகப் பொறுப்பேற்றார். இன்று விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம் இருக்கிறது.

பெண்களுக்கான கட்டமும் ஒரு காலத்தில் இல்லாததுதான். 1973-இல் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர் என்று 22 பேரோடு தொடங்கியது தமிழ்நாட்டு மகளிர் காவல். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ஐம்பதாம் ஆண்டில், 2023-இல், பெண் காவலர்களின் காலை 'ரோல் கால்' நேரத்தை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். கேட்கச் சின்ன விஷயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்ணைக் கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தின் விலை தெரியும்.

தேர்வானால் ஏழு மாதப் பயிற்சி. சம்பள விகிதம் 18,200-இல் தொடங்கும்; படிகள் தனி. பதவி உயர்வில் நீண்டகாலம் நடந்த கணக்கு இது: பத்து வருஷத்தில் முதல்நிலைக் காவலர், அதற்கு ஐந்து வருஷம் கழித்து ஏட்டு, இன்னும் பத்து வருஷத்தில் சிறப்பு எஸ்.ஐ. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவன் தோளில் நட்சத்திரம் பார்க்க நாற்பத்தேழு ஆகிவிடும். 2021 நவம்பரில் காவலர் முதல் ஏட்டு வரை வார விடுமுறைக்கு அரசாணை வந்தது. அரசாணை வேறு, திருவிழா பந்தோபஸ்து வேறு என்பதைப் பணியில் இருக்கிற எந்த அண்ணனிடம் கேட்டாலும் சொல்வார்.

இவ்வளவையும் தாண்டியவனை ஒரு பழைய கேஸ் கவிழ்த்துவிடும். இந்த வட்டாரத்தில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பொங்கலையொட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு. மற்ற மாதங்களில் ஊருக்கு ஊர் திருவிழா. மாடு பிடிப்பதில் தொடங்கும் வாக்குவாதம் கைகலப்பில் முடிந்தால் அங்கே நின்றவன், வேடிக்கை பார்த்தவன் எல்லோர் பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். வழக்கில் விடுதலை ஆனால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததாலோ விடுதலை ஆனவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளவேண்டும் என்று காவலர் பணி விதி 14(பி) சொல்கிறது. அந்த விதி செல்லும் என்று 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. கேஸை மறைத்துப் படிவம் நிரப்பினால் இன்னும் மோசம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மறைத்ததே வேலையிலிருந்து நீக்கக் காரணமாகலாம் என்றது. அற்ப வழக்கு என்றால் அதிகாரி யோசித்து மன்னிக்க இடம் வைத்தது. தகராறு நடக்கும் இடத்தில் நிற்காதே என்று அம்மாக்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த விதி இருப்பது அவர்களுக்கே தெரியாது.

நியமனத்துக்கு முன்னால் நன்னடத்தை விசாரணை நடக்கும். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வருவார். கதவைத் தட்டுமுன் டீக்கடையில் வண்டியை நிறுத்துவார். ஒரு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பேரைச் சொல்லிக் கேட்பார்:

"அந்தத் தம்பி யாரு வீட்டுப் பிள்ளைங்கய்யா?"