மறுபடியும் அடைக்குமா? ஸ்டென்ட் கம்பியின் தடிமனில் இருக்கு விஷயம்!

“அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாச்சு, இனி பயமில்ல.” பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைப்பதுதான் ஸ்டென்ட்டின் வேலை. ஆனால், அந்த உலோக வலையும் ரத்தம் ஓடும் பாதையில் புதிதாக வந்து உட்கார்ந்த ஒரு பொருள்தானே? அது எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே ரத்த ஓட்டமும் அமையும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஓடையில் ஒரு கல் கிடந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழலும், குப்பை தங்கும். ஸ்டென்ட்டிலும் அதே கதைதான். குழாய்ச் சுவரில் பதியும் ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்ன மேடு. மேட்டை ஒட்டி ரத்தம் வேகம் குறைந்து, சுழலத் தொடங்கும். அங்கே தட்டணுக்கள் தங்கினால் ரத்தக்கட்டி உருவாகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தம் சீராக உரசி ஓடினால்தான் குழாயின் உட்சுவர் செல்கள் ஆரோக்கியமாக இருக்கும். உரசல் குறைந்த இடங்களில் சுவரின் தசைச் செல்கள் பெருகி, குழாய் மீண்டும் சுருங்கும்.

மெல்லிசா, தடிமனா?

கம்பி தடித்தால் மேடும் உயரும். 2001-இல் வெளியான ஜெர்மனி ஆய்வு ஒன்று, ஏறக்குறைய ஒரே வடிவம் கொண்ட இரண்டு உலோக ஸ்டென்ட்களை ஒப்பிட்டது. 50 மைக்ரான் கம்பி வைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு மீண்டும் சுருக்கம் வந்தது. 140 மைக்ரான் கம்பியில் அது சுமார் 26 சதவீதம்!

அப்படியென்றால் இன்னும் மெல்லிசாகச் செய்யலாமே? அங்கேதான் சிக்கல். ரொம்ப மெலிந்தால் குழாயைத் தாங்கும் பலம் குறையும். கோபால்ட்-குரோமியம் போன்ற உலோகக் கலவைகள் மெலிந்தாலும் உறுதியாக நிற்பதால், இன்றைய மருந்து பூசிய ஸ்டென்ட்கள் பலவற்றில் கம்பி 60 முதல் 80 மைக்ரான் வரைதான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன்.

‘கரையும் ஸ்டென்ட்’ தந்த பாடம்

சில ஆண்டுகளில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் ‘அப்சார்ப்’ ஸ்டென்ட்டுக்கு 2016-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. யோசனை அருமை. ஆனால் பாலிமருக்கு உலோகத்தின் பலம் கிடையாது. அதனால் கம்பி சுமார் 150 மைக்ரான் தேவைப்பட்டது. ஓர் ஆய்வில், மூன்றாண்டு முடிவில் இதை வைத்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட்டில் ரத்தக்கட்டி ஏற்பட்டது. உலோக ஸ்டென்ட்டில் அது 0.7 சதவீதம்தான். 2017-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. புதுசு என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது.

நாம் என்ன கவனிக்க வேண்டும்?

வடிவமைப்பு மட்டும் போதாது. கம்பி சுவரோடு ஒட்டிப் பதியாமல் இடைவெளி விட்டாலும் ரத்தம் சுழலும். அதனால் சரியான அளவு ஸ்டென்ட்டும், அதை முழுதாக விரிப்பதும் முக்கியம். உங்கள் வீட்டில் யாருக்காவது வைத்திருந்தால், ஸ்டென்ட்டின் பெயர், விட்டம், நீளம் உள்ள அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

உட்சுவர் செல்கள் வளர்ந்து கம்பிகளை மூடப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை ரத்தம் உறையாமல் காப்பது மாத்திரைகள்தான். “பல் பிடுங்கணும், ரெண்டு நாள் நிறுத்திக்கலாம்” என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.