மைலேஜ் மட்டும் போதுமா? முதியோர் ஏறி இறங்க ஏற்ற கார் எது?

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கிய பிறகுதான் கார் வாங்கும் யோசனை எழுகிறது. லோக்கல் ரயிலிலும் பெஸ்ட் பஸ்ஸிலும் போய்வந்து பழகிய மகனுக்கும் மருமகளுக்கும் அதுவரை காரின் தேவை இருப்பதில்லை. மூட்டுவலியுள்ள தாயாரை சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நாளில்தான், பஸ் படி எவ்வளவு உயரம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

சேமிப்பையும் பாங்குக் கடனையும் சேர்த்து ஷோரூமுக்குப் போகிறார்கள். மைலேஜ் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, என்ன நிறம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். அம்மாவால் இதில் ஏற முடியுமா என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. வண்டி வீட்டுக்கு வந்த பிறகே சிரமம் புரிகிறது.

இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைக்கும் நிலை ஒருமுறை நேர்ந்துவிட்டால், முதியவர்களின் மனம் கூசிப் போகிறது. அடுத்த முறை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கூப்பிட்டால், “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்” என்கிறார்கள். யாருக்காக வண்டி வாங்கப்பட்டதோ அவர் நாலு சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறார்.

உயரம்தான் முதல் கணக்கு

இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. தாழ்வான காரில் தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி, பள்ளத்தில் விழுவதுபோல் உட்கார வேண்டும். இறங்கும்போது உடல் எடை முழுவதையும் வலியுள்ள முழங்கால்களே தூக்க வேண்டும். ஜீப் வகை வண்டிகளில் சிரமம் வேறு. ஒற்றைக் காலில் எம்பி ஏற வேண்டும். புடவை கட்டிய பெண்களுக்கு அவ்வளவு உயரம் கால் தூக்குவதே கடினம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதே நல்லது. இருக்கைக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது அதன் விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையில் பட வேண்டும். அப்படியானால் விழவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பின்புறமாகச் சாய்ந்தாலே உட்கார்ந்துவிடலாம். வீட்டில் அவர் பிறர் உதவியின்றி எழும் நாற்காலியின் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டு போவது எளிய வழி. கார் இருக்கை அதைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது.

உயரமான கூரையும் சோபா போன்ற பின்சீட்டும் கொண்ட அம்பாசிடரின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. இதற்கிடையே 1998-ல் வந்த சான்ட்ரோவும் 1999-ல் வந்த வேகன் ஆரும் சிறிய காரிலேயே கூரையை உயர்த்திக் காட்டின. இன்றைய ஆல்டோ கே10 காரின் உயரம் 1,520 மில்லிமீட்டர். வேகன் ஆரின் உயரம் 1,675. சுமார் 6 அங்குல வித்தியாசம். தலை இடிக்காமல் உட்கார இந்த 6 அங்குலம் பெரிதும் உதவும்.

கதவும் கைப்பிடியும்

கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது அடுத்தது. டாடா பஞ்ச், ஆல்ட்ராஸ் கார்களில் கதவு 90 டிகிரி வரை திறக்கும். ஆனால் சொசைட்டி கட்டடத்தில் வண்டிகளை நெருக்கி நிறுத்தும் இடத்தில் எந்தக் கதவும் முழுதாகத் திறக்காது. வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்த பிறகே முதியவரை ஏற்ற வேண்டும்.

பின்சீட்டுதான் மரியாதை என்று நினைத்துப் பலரும் பெரியவர்களைப் பின்னால் அமர்த்துகிறார்கள். பெரும்பாலும் முன்சீட்டே வசதியானது. அதைப் பின்னுக்குத் தள்ளி, முதுகுப் பகுதியைச் சற்றுச் சாய்த்தால் கால் நீட்ட இடம் கிடைக்கும். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது மிகவும் அவசியம். சிகிச்சைக்குப் பின் சில காலம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதுண்டு.

கதவுக்கு மேலே, கூரையில் கைப்பிடி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது இருப்பதில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு எழுவது ஆபத்து, கதவு ஆடும்.

டிக்கியில் இடம் உண்டா?

செலவைக் குறைக்க சி.என்.ஜி. வண்டி வாங்குவோர் இங்கே நிறையப் பேர். பெரிய சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டால், மடித்த சக்கர நாற்காலிக்கு இடம் இருக்காது. 2023 முதல் டாடா சில கார்களில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் அடித்தளத்துக்குக் கீழே பொருத்துகிறது. ஹூண்டாயும் 2024-ல் எக்ஸ்டர் காரில் இரட்டைச் சிலிண்டர் முறையைக் கொண்டுவந்தது. எந்த வண்டியானாலும், சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஏறும் முறை

நல்ல காரிலும் தவறாக ஏறினால் வலிதான். ஒரு காலை உள்ளே வைத்துத் தலையை நுழைப்பது சரியல்ல. முதலில் முதுகைக் காட்டி இருக்கையில் உட்கார வேண்டும். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போதும் இரு கால்களையும் வெளியே தரையில் ஊன்றிய பிறகே எழ வேண்டும். துணி இருக்கையில் திரும்புவது கடினமானால், மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்தால் எளிதாக வழுக்கும். வண்டி புறப்படுமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

தாழ்வான காரைப் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தக் கூடாது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு இருக்கை இன்னும் பள்ளமாகிவிடும். உயரமான வண்டியானால், அதே பிளாட்பாரம் படியாக உதவும்.

வெளிப்புறமாகத் திரும்பும் இருக்கைகளும் வந்துள்ளன. வேகன் ஆரில் இத்தகைய இருக்கையைப் பொருத்தும் வசதியை மாருதி சுசுகி 2025 டிசம்பரில் அறிவித்தது.

வாங்கத்தான் வேண்டுமா?

மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வர மட்டும் என்றால், கடன் வாங்கிக் கார் வாங்குவதைவிட டாக்சியே சிக்கனம். மும்பை டாக்சிகளில் வேகன் ஆர் வகை வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்து அழைத்து, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கினால் போதும்.

வாங்குவதென்று முடிவானால், முன்பணம் கட்டுமுன் பெற்றோரை ஷோரூமுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். யாரும் கை கொடுக்காமல் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் முறை உற்சாகத்தில் எல்லோரும் ஏறிவிடுவார்கள். மூன்றாவது முறை முகம் சுளிக்காமல் இறங்குகிறாரா என்று கவனித்துவிட்டு விலையைப் பேசலாம்.