மெல்லிசு ஆயில் ஊத்தினால் பெட்ரோல் மிச்சமா?

ஓமந்தூர் வண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு!

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் இருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு பெட்ரோல் செலவுதான் பெரிய தலைவலி. "மெல்லிசு ஆயில் ஊத்துங்க, மைலேஜ் ஏறும்" என்பது ஒரு பேச்சு. "கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்குத் தெம்பு" என்பது இன்னொரு பேச்சு.

எது நிஜம்? இரண்டிலும் பாதி நிஜம்!

கூழும் நீராகாரமும்

கெட்டிக் கூழைக் கிண்டினால் கை வலிக்கும். நீராகாரத்தைக் கலக்கினால் வலிக்காது. இன்ஜின் கதையும் இதுதான். ஆயில் மெல்லிசாக இருந்தால் இன்ஜினுக்கு வீண் உழைப்பு குறையும். அந்த அளவுக்கு பெட்ரோல் மிச்சம்.

டப்பாவில் 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40 என்று போட்டிருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. நம்ம ஊர் வெயிலில் இரண்டாவது எண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். எண் குறைந்தால் ஆயில் மெல்லிசு.

மிச்சம் எவ்வளவு?

5 டபிள்யூ 30 கேட்கும் கார் இன்ஜினில் 10 டபிள்யூ 30 ஊற்றினால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

நம்ம கணக்குக்கு வருவோம். தினம் 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி 240 லிட்டர் குடிக்கும். 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 500 ரூபாய்தான்!

"லிட்டருக்கு பத்து கிலோமீட்டர் கூடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆபத்தும் உண்டு!

பழைய பைக், டிராக்டர் இன்ஜின்கள் பல கெட்டி ஆயிலுக்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் மெல்லிசு ஆயில் ஊற்றினால், சூட்டில் ஆயில் படலம் அறுந்து, இரும்போடு இரும்பு உரசும். பிஸ்டன், பேரிங் தேய்ந்தால் செலவு பல ஆயிரம்!

கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றுவதும் தப்பு. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுகின்றன. உராய்வைக் குறைக்க கார் ஆயிலில் சேர்க்கும் மருந்து, கிளட்சை வழுக்க வைத்துவிடும். கியர் பைக்குக்கு 'ஜாசோ எம்.ஏ.' முத்திரை உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள்.

10 டபிள்யூ 30 கேட்கும் புது ஸ்கூட்டரில் "தெம்புக்கு" என்று 20 டபிள்யூ 40 ஊற்றினாலும் நஷ்டம்தான். மைலேஜ் அடிபடும்.

வண்டியோடு கொடுத்த புத்தகம் பரண் மேலே கிடக்கும். எடுத்துப் பாருங்க! அதிலே போட்டிருக்கிற எண்தான் உங்க வண்டிக்கு. ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று, டப்பாவைக் காட்டச் சொல்லி, எண்ணைப் படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.