பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சைலன்சர் ஓட்டையா? சத்தத்தை விட ஆபத்தானது எது? சரிசெய்வது எப்படி?

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வந்து, கிரிவலப் பாதையில் திரும்புகிறது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று வைத்துக்கொள்வோம். மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலை கிட்ட ஒரு வேகத்தடை. தரையை ஒட்டியபடி ஓடும் வண்டி. அடியில் 'டங்'குனு ஒரு அடி. அடுத்த நொடியே டிராக்டர் மாதிரி சத்தம்.

"சைலன்சர் அடி வாங்கிருச்சு, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று கிளம்புபவர்கள்தான் அதிகம். ஆனால் அப்படிக் கிளம்பலாமா, கூடாதா என்பதை சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. புகை எந்த இடத்தில் வெளியே வருகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

காருக்கு அடியில் என்ன இருக்கிறது?

இன்ஜினிலிருந்து வரும் புகை முதலில் மேனிஃபோல்டு என்ற வார்ப்பிரும்புக் குழாயில் சேர்கிறது. அங்கிருந்து கீழிறங்கும் பைப், நடு சைலன்சர், பின் சைலன்சர், கடைசியில் வால் பைப். இவ்வளவும் ரப்பர் வளையங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். இன்ஜின் ஆடும்போது பைப்பும் கூடவே ஆட வேண்டும் என்பதற்காகத்தான் ரப்பர்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லா பழைய காரிலும் இருக்காது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது 1995 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார் என்றால், இன்ஜின் கக்குவது அப்படியே வெளியே வரும்.

தமிழ்நாட்டு ரோட்டுக்கு இந்தக் குடும்பத்து வண்டி ஒன்று நன்றாகவே பழக்கம். மெட்ராஸில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-ல் இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைக் கொண்டுவந்தது. அதன் மூலமான பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால் ஹெரால்டில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்குக்கு, ஸ்பிட்ஃபயரின் அடிப்பகுதி முற்றிலும் புதுசாகத் தெரியாது. உயரம்தான் குறைவு. வேகத்தடையில் அடி வாங்குவதும் அதனால்தான்.

அடி வாங்கியதால் மட்டும் உடைவதில்லை

பெரும்பாலும் வேகத்தடை கடைசி அடிதான். உள்ளே அரிப்பு பல வருஷமாக நடந்துகொண்டிருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடேறி, அந்த ஆவி வெளியே போய்விடும். ஷெட்டில் நிறுத்திவிட்டு, எப்போதாவது ஸ்டார்ட் செய்து இரண்டு தெரு சுற்றி வந்தால் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கும். புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து தகரத்தை உள்ளிருந்து தின்னும். "வண்டியை ஓட்டவே இல்லையே, எப்படி சைலன்சர் போச்சு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஓட்டாததால்தான் போனது.

பல சைலன்சர்களின் அடியில் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். தண்ணீர் வடியத் தயாரிப்பாளரே வைத்தது. அதை லீக் என்று நினைத்து வெல்டு வைத்து அடைத்தால், சைலன்சரின் ஆயுளையும் சேர்த்து அடைத்த மாதிரி.

எங்கே ஓட்டை என்பது ஏன் முக்கியம்?

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் போவது குறையும்.

ஒரு கணக்குப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார், புகைப் பரிசோதனையில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு காட்டினாலும் பாஸ். அதாவது 10 லட்சத்தில் 30,000 பங்கு. மனிதர் சுவாசிக்கும் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 10 லட்சத்தில் சுமார் 30 பங்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். சான்றிதழ் கையில் இருக்கிற வண்டியின் புகையே இப்படி என்றால், அது காருக்குள் கசிந்தால் என்ன ஆகும்?

வால் பைப் உடைந்தால் புகை பெரும்பாலும் வண்டிக்குப் பின்னாலேயே போகும். மேனிஃபோல்டிலோ சீட்டுக்கு அடியிலோ கசிந்தால், பழைய காரின் தரையில் உள்ள துரு ஓட்டை, கிழிந்த கியர் ரப்பர், பெடல் இடைவெளி என எல்லா வழியாகவும் உள்ளே ஏறும். மேற்கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார்தானே என்று நிம்மதி அடையவும் முடியாது. ஓடும்போது முன் கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால், பின்பக்கக் காற்று சீட்டை நோக்கித் திரும்பி வரும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம் இதன் அறிகுறிகள். "வெயில்ல வந்த களைப்பு" என்று நினைத்து விடுவதுதான் ஆபத்து. உடனே இன்ஜினை அணைத்து, எல்லோரும் வெளியே வந்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

நடுவழியில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், நடப்பவர்கள் இல்லாத வெற்றுத் தரையில் ஓரங்கட்டுங்கள். காய்ந்த புல்மேல் நிறுத்தக் கூடாது. பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் பைப் புல்லைப் பற்றவைத்துவிடும். கோடையில் மலையோரத்தில் இது விளையாட்டு அல்ல.

ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். கசியும் இடத்தில் கரும்புகைக் கறை படிந்திருக்கும்.

பைப் தொங்கினால் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டலாம். நைலான் கயிறு உருகிவிடும். பின்பகுதியில் சின்ன ஓட்டை என்றால், தகர டின்னை வெட்டிச் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கலாம். இது பட்டறை வரை போய்ச் சேர மட்டும்தான். கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு நிற்காமல் போக வேண்டும்.

ஓட்டை முன்பகுதியில் இருந்தாலோ, காருக்குள் புகை வாடை வந்தாலோ ஓட்டவே கூடாது. வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியைக் கூப்பிடுவதுதான் ஒரே வழி.

பட்டறையில் எப்படிச் சரிசெய்வது?

திருவண்ணாமலை போன்ற ஊரில் லாரி, டிராக்டர் சைலன்சர் பார்க்கும் வெல்டிங் பட்டறைகளிலேயே பாதி வேலை முடியும். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இணைப்பில் கசிவு என்றால் வேலை சுலபம். கேஸ்கெட், கிளாம்ப், போல்ட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளேயே முறிந்து, செலவு பல மடங்காகும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பது நல்லது.

பைப்பில் ஓட்டை என்றால் தட்டிப் பார்க்க வேண்டும். 'ணங்' என்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. மொத்தையாகக் கேட்டால் உள்ளே செல்லரித்திருக்கிறது. அரித்த தகரத்தின்மேல் ஒட்டு நிற்காது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே விட்டத்தில் புதுப் பைப் இணைக்க வேண்டும். மெல்லிய பைப்புக்கு சிஓ2 வெல்டிங் ஏற்றது. சாதாரண ஆர்க் வெல்டிங் சுலபத்தில் ஓட்டை போட்டுவிடும். "ஜிஐ பைப் இருக்கு, போட்டுடலாமா?" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் நச்சுப் புகை தரும். நீண்ட நாள் உழைக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்ல தேர்வு.

மேனிஃபோல்டில் விரிசல் என்றால் அதற்கென்று ஆள் வேண்டும். வார்ப்பிரும்பைச் சூடாக்கி, நிக்கல் ராடு வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். சும்மா வெல்டு வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

சைலன்சரே போய்விட்டால், பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். புதியது செய்ய அதுதான் அளவு. சென்னை புதுப்பேட்டையில் தேடும்போதும் கையில் அது இருந்தால் வேலை பாதி குறையும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவது, பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப்புகளை மறைத்துப் பாதுகாப்பது, இரண்டும் கட்டாயம். முடிந்ததும் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாட்டச் சொல்லுங்கள். பழைய ரப்பரோடு விட்டால், புது வெல்டு அதிர்வில் மறுபடியும் விரிசல் விடும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஈரத்துணியால் வால் பைப்பைச் சில விநாடி மட்டும் மூடுங்கள். எங்காவது 'புஸ்' என்று கேட்டால் கசிவு இருக்கிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் கிளாம்புகளை மறுபடி இறுக்க வேண்டும்.

"நேர் பைப் போட்டா கெத்தா இருக்கும்ல?"

சைலன்சரை எடுத்துவிட்டு நேர் பைப் போடுவது சட்டப்படி குற்றம். மத்திய மோட்டார் வாகன விதி 120, ஒவ்வொரு வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. ஒலி, புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 மாதம் லைசென்ஸும் செல்லாது. 50 ஆண்டைக் கடந்த கார் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. விண்டேஜ் பதிவு கிடைக்க, வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும்.

கூடவே இதையும் நினைத்துப் பார்க்கலாம். அடி அண்ணாமலை வழியாகப் போகும் அந்த 14 கிலோமீட்டர் பாதையில் பலர் செருப்புகூடப் போடாமல் நடக்கிறார்கள். காருக்குள் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். பைப்புக்குப் பக்கத்தில் நடப்பவருக்கு அந்த வசதி கிடையாது.