எருக்குவியலுக்கு ஒரு தெர்மாமீட்டர்

‘இயற்கை விவசாயத்துக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று நம் கூட்டங்களில் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ‘ஸ்மார்ட் விவசாயம்’ என்று விற்கப்படும் கருவிகளில் பல, பூட்டிய பெட்டிகள். உள்ளே என்ன இருக்கு என்று நமக்குத் தெரியாது. பழுதானால் கம்பெனி ஆள் வரணும். சிலவற்றுக்கு வருடச் சந்தா வேறு. வருடா வருடம் வீரிய விதைக்குக் கடையில் போய் நிற்கிற கதைதான்.

இன்னொரு வகையும் இருக்கு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், ஒரு வடிவமைப்புக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் மாணவர்களுக்காக ‘ஆர்டுயினோ’ என்ற மலிவான சர்க்யூட் போர்டை உருவாக்கினார்கள். அதன் வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். யாரும் அதைப் பார்த்துச் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம். பெயர் மட்டும் அவர்களுக்குச் சொந்தம். கைமாறிக் கைமாறிப் பெருகுகிற நாட்டு விதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அதே வரைபடத்தில் செய்த போர்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

‘ஆர்டுயினோ ஊனோ’ போர்டில் உள்ள சிப்பின் நினைவகம் 32 கிலோபைட்தான். நம்ம செல்போன் பக்கத்தில் அது தூசு. ஆனால் சொன்ன ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும். அப்படி ஒரு வேலை நம்மிடம் இருக்கு: மட்கு எருவின் சூட்டைப் பார்ப்பது.

குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, உருவித் தொட்டுப் பார்ப்பது நம் பழக்கம். சுட்டால் எரு வேகுது என்று அர்த்தம். ஆனால் 50 டிகிரியும் சுடும், 60ம் சுடும். கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. களை விதைக்கும் சாணத்தில் உள்ள நோய்க்கிருமிக்கும் தெரியும். 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால்தான் அவற்றில் பெரும்பாலானவை சாகும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, சாணம் சேர்த்து வரிசையாகக் குவித்த மட்கு 55 முதல் 77 டிகிரிக்குள் 15 நாள் இருக்கணும். அந்த நாட்களில் 5 முறையாவது புரட்டணும். வேகாத எருவை வயலில் கொட்டினால், களையை நாமே விதைத்த மாதிரி.

இதற்குத் தேவை நாலு பொருள்: ஒரு ஊனோ போர்டு, ‘டிஎஸ்18பி20’ என்ற வெப்ப உணரி, 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, எண் காட்ட ஒரு சின்ன எல்சிடி திரை. உணரியை எவர்சில்வர் குழாயில் அடைத்த நீர்புகா வகையாகக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று ஒயர் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு மின்சாரத்துக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் தகவலுக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ரெசிஸ்டரை வைக்கணும். ஒவ்வொரு உணரிக்கும் தனி அடையாள எண் உண்டு. அதனால் ஒரே ஒயரில் மூன்று உணரிகளைக் கோத்து, மேலே, நடுவே, அடியில் என மூன்று ஆழத்தில் வைக்கலாம். நிரலை நாம் எழுத வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைப்பதை கம்ப்யூட்டரிலிருந்து யுஎஸ்பி ஒயர் வழியாக ஏற்றினால் போதும்.

எருவில் இறக்கும் முன், உருகும் ஐஸ் தண்ணீரில் உணரியை முக்குங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டணும். அரை டிகிரி முன்பின் பரவாயில்லை. ரொம்ப விலகினால் அது போலியாக இருக்கலாம். சந்தையில் போலி நிறைய. திரையில் 85 என்று அசையாமல் நின்றால் எரு கொதிக்கிறது என்று நினைக்க வேண்டாம். அளவெடுக்கும் முன் உணரி காட்டும் தொடக்க எண் அது. மைனஸ் 127 வந்தால் ஒயர் விட்டிருக்கு.

ஒயரை பிவிசி குழாய்க்குள் விடுங்கள், எலி கடிக்கும். போர்டை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். எறும்பும் ஈரமும் போகாது. பவர்பேங்க்கில் ஓட்டினால் ஒரு தொல்லை: இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவு என்பதால் பல பவர்பேங்க்குகள் தானாக அணைந்துவிடும். சாதாரண போன் சார்ஜர் நல்லது.

காலை, மாலை எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். நாலு நாளாகியும் 45ஐத் தாண்டாவிட்டால், பெரும்பாலும் ஈரம் போதாது அல்லது பச்சைத் தழை, சாணம் போதாது. குவியல் ரொம்பச் சிறிதாக இருந்தாலும் சூடு நிற்காது. 70ஐத் தொட்டால் உடனே புரட்டணும். மட்க வைக்கிற நுண்ணுயிரே வெந்துவிடும். ஏறிய சூடு இறங்க ஆரம்பித்தால் காற்று தீர்ந்தது என்று பொருள். அதுவும் புரட்டும் நேரம். புரட்டினபின் சூடு மறுபடி ஏறவே இல்லை, ஈரமும் சரியாக இருக்கு என்றால் எரு முதிர்கிறது.

இதே போர்டை வைத்து மோட்டாரையும் ஓட்டலாமே என்று ஆசை வரும். அவசரம் வேண்டாம். சின்ன ரிலேயில் மும்முனை மோட்டாரை நேரடியாக இணைப்பது உயிருக்கே ஆபத்து. அந்த வேலை ஸ்டார்ட்டர் வழியாக, தெரிந்த எலக்ட்ரீஷியன் கையால் நடக்கணும். முதலில் அளக்கப் பழகுவோம். கட்டளை போடுவது பிறகு.

ஊருக்கு ஒரு பாலிடெக்னிக் பையனோ பெண்ணோ இல்லாமல் போக மாட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்தால் ஒரு மாலையில் இதைச் செய்துவிடலாம். செய்தபின் நிரலையும் ஒயர் படத்தையும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கொடுங்கள். விதையைப் பகிர்கிற நமக்கு இது புதுப் பழக்கம் இல்லையே.